சாக்பீஸ் ஜன்னலுக்குப் போட்ட கையெழுத்து

கன்டெய்னர் பெட்டியில் வீடு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனு வந்திருக்கிறது, கொடுக்கலாமா கூடாதா என்று இப்போது ஓவர்சியர் வேலையில் இருக்கிற உங்களில் இரண்டு பேர் போன வாரம் போனில் கேட்டீர்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் யாரும் கட்டடத்தைப் பற்றிக் கேட்பதில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். டீ குடித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் அந்த மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

உங்களுக்கு இந்த மனு புதுசு. எனக்கு எழுபதுகளின் நடுவிலேயே வந்துவிட்டது. குமுளிப் பக்கம் ஓவர்சியராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ப்ரொபேஷன் முடியவில்லை. எங்கள் ஆபீசில் ஓவர்சியர் வேலையில் இருந்த பெண் நான் ஒருத்திதான். ஒரு இடத்துக்குப் போய் டேப்பை விரித்தால், மறுமுனையைப் பிடிக்க வருகிறவர், "ஓவர்சியர் சார் எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்பார். "வந்துட்டாருங்க, நீங்க முனையைப் பிடிங்க" என்பேன்.

எஸ்டேட் பெயர் வேண்டாம். ஏலக்காய் எஸ்டேட். அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் இருந்த பழைய லயன் ஷெட்டுகளின் கூரைத் தகரம் சல்லடையாகிப் போயிருந்தது. மழைக்காலத்தில் பாயை விரிக்க இடம் தேடி, பாயோடு அறை முழுக்கச் சுற்றுவார்கள். மேனேஜர் இளவயசுக்காரர். நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர். மழைக்கு முன்னால் எல்லாருக்கும் வீடு கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. செங்கல் ஏற்றி, சுவர் கட்டி, ஓடு போட நேரம் இல்லை. கொச்சித் துறைமுகத்துக்குக் கப்பலில் சரக்கு ஏற்றிவரும் பெரிய இரும்புப் பெட்டிகள் அப்போதுதான் புதுசாக வர ஆரம்பித்திருந்தன. அடிபட்டு நெளிந்து ஒதுக்கப்பட்ட பெட்டிகள் ஆறு இருப்பதாக அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மனு என் மேசைக்கு வந்தது. எங்கள் படிவத்தில் சுவர் எதனால் ஆனது என்பதற்கு நாலு கட்டம் இருந்தது: கருங்கல், செங்கல், மண், மூங்கில். எதில் டிக் போடுவது? மத்தியானம் வரைக்கும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, அசிஸ்டென்ட் இன்ஜினியரிடம் போனேன். அவர் மலையாளி. ஆபீசில் குறைவாகப் பேசுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

"சார், மேனேஜர் இது சரக்குப் பெட்டி, கட்டடமே இல்ல, அனுமதியே வேண்டாம்னு சொல்றாருங்க."

"உள்ளே ஆள் உறங்குமோ?"

"உறங்குவாங்க சார்."

"அப்போ வீடு தன்னே."

அவ்வளவுதான். மறுபடி ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். வீடு என்று ஆனால் வீட்டுக்கு உண்டான விதி அத்தனையும் அதற்கும் உண்டு. இதை மட்டும் நீங்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "இது வண்டி", "இது பெட்டி", "இது தற்காலிகம்" என்று ஆயிரம் பெயர் சொல்லிக்கொண்டு வருவார்கள். உள்ளே ஆள் உறங்குமா என்று மட்டும் கேளுங்கள்.

பரிசோதனைக்குப் போனது சித்திரை மாசக் கடைசி. நல்ல வெயில். நான் வடகரப்பதிக்காரி. கோயமுத்தூர் எல்லை ஓரம், கடலைக்காடும் பனைமரமும். எனக்குத் தெரிந்த ஒரே எதிரி வெயில். அதனால் போனவுடன் வெயிலைத்தான் சோதித்தேன். உச்சி நேரத்தில் பெட்டிக்குள் போய், கதவு திறந்திருக்க, அரை மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வியர்த்தது, ஆனால் தாங்க முடிந்தது.

"எங்க ஊர்ல இதை வெச்சீங்கன்னா உள்ள தோசை ஊத்தலாமுங்க. இங்க பரவால்லீங்க" என்றேன்.

மேனேஜர் குலுங்கிச் சிரித்தார். பரீட்சையில் எனக்கு வராத கேள்வியை விட்டுவிட்டு, தெரிந்த கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்த கதை அது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சரிவான இடம். ஒரு பக்கம் மண்ணை வெட்டி, அந்த மண்ணையே பள்ளத்துப் பக்கம் கொட்டி, மட்டமாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் மூலைக்கு ஒன்றாக நாலு கல் அடுக்கு. மேட்டுப் பக்கம் இரண்டு அடுக்கு வெட்டின பாறைமண்மேல் நின்றன. பள்ளத்துப் பக்கம் இரண்டும் கொட்டின மண்மேல். நான் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன்; குமிழி நடுவில் நின்றது. திருப்தியாகிவிட்டது. வெயில் காலத்தில் எந்த மண்ணும் மட்டமாகத்தான் நிற்கும்.

அடுத்தது ஜன்னல். வரைபடத்தில் பெட்டிக்கு இரண்டு ஜன்னல் காட்டியிருந்தது. பெட்டியில் ஜன்னல் இல்லை. இரும்புச் சுவரில் சாக்பீஸால் இரண்டு சதுரம் வரைந்திருந்தார்கள். எஸ்டேட் ஃபிட்டர் ஆசையாக அதற்குள் நாலு கம்பிகூட வரைந்திருந்தார்.

"வெல்டிங் செட் திங்கட்கிழமை வந்துரும் மேடம்" என்றார் மேனேஜர். "வந்த உடனே வெட்டிருவோம். ஆனா சர்டிஃபிகேட் இன்னைக்கே வேணும். மழை வாசல்ல நிக்குது. இந்த ஜனங்க இன்னொரு மழையை அந்த ஷெட்டுல கழிக்கணுமா?"

பக்கத்தில் சாமான் மூட்டையோடு குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. அதில் நிறைமாசக்காரி ஒருத்தி இருந்தாள். பெயர் ஜெபமணி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் எஸ்டேட்டுக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "போட்டுருங்கம்மா. கூரையில ஓட்டை இல்லாத வீட்டை நான் இப்பத்தான் பாக்கேன்" என்றாள்.

போட்டேன். சாக்பீஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, 'வெளிச்சமும் காற்றோட்டமும் போதுமான அளவு உள்ளது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை, ஏமாற்றவில்லை. எதிரில் நின்றவர்கள் எல்லாரும் நல்லவர்கள். தப்பான கையெழுத்து பெரும்பாலும் அப்படித்தான் விழுகிறது.

வெல்டிங் செட் அந்தத் திங்கட்கிழமையும் வரவில்லை, அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. மழை மட்டும் சொன்னபடி வந்தது.

மேனேஜர் இன்னும் இரண்டு பெட்டிக்கு மனுப் போட்டிருந்தார். அதைப் பார்க்க நான் மறுபடி போனது ஆடி மாசம், ஒரு மத்தியானம். பதினைந்து நாளாக விடாத மழை. புதுப் பெட்டிகளை ஏற்றிவந்த லாரி மேட்டு ரோட்டில் நின்றிருந்தது. மேனேஜரும் நானும் குடையோடு இறங்கிக்கொண்டிருந்தபோது, பெட்டி வீடுகளின் பக்கமிருந்து டமார் டமார் என்று சத்தம். வேலை மும்முரமாக நடக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசிப் பெட்டியின் கதவை நாலு ஆம்பிளைகள் பாறைக்கோலால் இடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் தங்கையா, ஜெபமணியின் புருஷன். கையெல்லாம் ரத்தம்.

"உள்ள ஜெபமணி இருக்காம்மா. பிள்ளையும் இருக்கு. கதவு தொறக்க மாட்டேங்கு!"

குழந்தை பிறந்து ஒரு மாசம். சாரல் அடிக்கிறது என்று கதவை உள்பக்கம் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்துச் சாத்தியிருக்கிறாள். குழந்தைத் துணி காயவில்லை, குளிர் வேறு. ஒரு சட்டியில் கரி போட்டுக் கணப்பு மூட்டியிருக்கிறாள். மேலே இருந்த சின்னக் காற்றுத் துளைகளிலும் சாரல் வந்ததால் அவற்றைத் துணி வைத்து அடைத்திருக்கிறாள். கதவைச் சுற்றிக் கப்பல் சரக்கு நனையாமல் இருக்கப் போட்ட ரப்பர். ஒரு ஜன்னல் இருந்திருந்தால்! சுவரைப் பார்த்தேன். சாக்பீஸ் கோடு மழையில் கரைந்து, ஜன்னல் இருந்த இடமே தெரியவில்லை. 

கதவோரம் வாயை வைத்துக் கத்தினேன். "ஜெபமணி! நெருப்பு இருக்குதா?"

"இருக்கும்மா..." குரல் தூக்கத்தில் பேசுகிற மாதிரி வந்தது. "தலை சுத்துது. வாந்தி வருது."

"குடத்துல தண்ணி இருந்தா நெருப்பு மேல ஊத்து! இப்பவே ஊத்து! அப்புறம் கத்தியை எடுத்துக் கதவோர ரப்பரைக் கிழி. கிழிச்ச இடத்துல புள்ளை மூஞ்சியை வை. நீயும் வை. தூங்காதே, என்ன?"

உஸ்ஸென்று சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றிவிட்டாள். உயிர் வந்தது எனக்கு. கொஞ்ச நேரத்தில் கதவின் அடிப்பக்கம் ரப்பரைக் கிழித்துக்கொண்டு ஒரு கத்தி முனை வெளியே எட்டிப் பார்த்தது. அந்த அளவுக்கு ஒரு கத்தி முனையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதில்லை.

"பக்கத்து எஸ்டேட்ல காஸ் கட்டர் இருக்கு, ஜீப்பை அனுப்பறேன்" என்றார் மேனேஜர். முகம் வெளுத்துப்போயிருந்தது. அனுப்பட்டும். ஆனால் வர எத்தனை நேரம்? வந்தாலும் உள்ளே காய்ந்த பலகைத் தரை, பாய், துணி, பச்சைப் பிள்ளை. வெளியிலிருந்து இரும்பை அறுத்தால் பொறி உள்ளே விழும். தங்கையா மறுபடி பாறைக்கோலை ஓங்கினார்.

"நிறுத்துங்க! யாரும் அடிக்காதீங்க!"

எனக்கே என் குரல் புதுசாக இருந்தது. நாலு பேரும் நின்றுவிட்டார்கள். அப்போதுதான் எனக்குப் பார்க்க நேரம் கிடைத்தது. அவசரத்தில் முதலில் தொலைவது அந்த ஒரு நிமிஷம்தான். எத்தனை சத்தம் போட்டாவது அதை வாங்கிவிடுங்கள்.

கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தேன். மேலே மேட்டுப் பக்கம் விரல் நுழைகிற மாதிரி இருந்தது. அதே விளிம்பில் பள்ளத்துப் பக்கம் காகிதம்கூட நுழையாது. கீழே அப்படியே தலைகீழ். கதவு பூட்டிக்கொள்ளவில்லை. சட்டம் கோணிக்கொண்டு கதவைக் கவ்வியிருக்கிறது. குனிந்து அடியில் பார்த்தேன். கதவுப் பக்கத்துப் பள்ளத்து மூலையில், கொட்டின மண்மேல் நின்ற கல் அடுக்கு, ஒரு சாணுக்குச் சேற்றில் இறங்கியிருந்தது. இந்தப் பெட்டி நாலு மூலையும் மட்டமாக நிற்கிறவரைக்கும்தான் பெட்டி. ஒரு மூலை இறங்கினால் முறுக்கிக்கொள்ளும். இடிக்க இடிக்க இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

மேட்டு ரோட்டிலிருந்து லாரி டிரைவர் ஓடி வந்திருந்தார். கம்பத்துக்காரர், நடுவயசு.

"ஜாக்கி இருக்குதுங்களா?"

"இருக்கும்மா. லோடு வண்டி ஜாக்கி. எந்த மூலைக்குக் கொடுக்க?"

அந்தக் கேள்விதான் அன்றைய வேலை முழுவதும். தப்பான மூலையைத் தூக்கினால் முறுக்கு இன்னும் கூடும். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். யாரும் "சார் எப்ப வருவாரு" என்று கேட்கவில்லை.

"இந்த மூலை" என்று கதவுப் பக்கத்துப் பள்ளத்து மூலையைக் காட்டினேன். "ஆனா ஜாக்கியைச் சேத்துல வெச்சா அதுவே இறங்கிடும். கீழ பலகை போடுங்க. தூக்கும்போது பெட்டி பள்ளத்துப் பக்கம் நழுவக் கூடாது. மேட்டு மூலையில சங்கிலி கட்டி லாரியில மாட்ட முடியுமா?"

"அது என் பொறுப்பும்மா" என்று ஓடினார்.

சங்கிலி கட்டும்வரை நான் ஜெபமணியோடு பேசிக்கொண்டே இருந்தேன். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். இன்னும் வைக்கவில்லை என்றாள். என்ன வைக்கப்போகிறாய் என்றேன். "பாதர் வந்துதான் வைப்பாரு... அம்மா, பேச முடியல." "பேசு. திட்டவாவது செய். சர்டிஃபிகேட் கொடுத்தது நான்தான், என்னைத் திட்டு." உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம். அழுகையா சிரிப்பா தெரியவில்லை.

டிரைவர் ஜாக்கிக் கம்பியை அழுத்த ஆரம்பித்தார். பலகை சேற்றில் கொஞ்சம் முனகியது, நின்றது. மூலை ஒரு அங்குலம் எழுந்தது. பெட்டி முழுக்க ஒரு பெரிய நெட்டி முறித்த சத்தம். நான் இடைவெளியைப் பார்த்துக்கொண்டே, "இன்னும்... இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று கதவு தானாகவே அரை விரல் அளவு வெளியே வந்தது. தங்கையா இழுத்தார். திறந்துகொண்டது.

ஜெபமணி வெளியே வந்து, மழையிலேயே முழந்தாளிட்டு வாந்தி எடுத்தாள். குழந்தை முதலில் சத்தமே போடவில்லை. தங்கையா அதை வாங்கிக் குடைக்கு வெளியே முகத்தைக் காட்டிப் பிடித்தார். மழைத் துளி மூக்கில் விழுந்ததும் ஒரு தும்மல். அப்புறம் அழுத அழுகையில் மேட்டு ரோட்டில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் ஜாக்கியைப் பிடித்தபடியே சேற்றில் உட்கார்ந்து அழுதார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, இரண்டு பேரையும் நல்லபடியாக அனுப்பினார்கள்.

திரும்பி வந்த ஜீப்பில் அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு நான் மேனேஜரிடம் சொன்னேன்: "ஆறு பெட்டியிலயும் ரெட்டைக் கதவுல ஒண்ணை இன்னைக்கே கழட்டணுமுங்க. இருட்டறதுக்குள்ள."

"மழை உள்ள வருமே மேடம்."

"வரட்டுமுங்க. லாரித் தார்ப்பாய் கட்டிக்கலாம்."

வாதாடவில்லை. அவரே ஸ்பேனரை எடுத்தார்.

அன்று சாயங்காலம் எனக்குள் வந்த யோசனை வேறு. ஆறு பெட்டிக்கும் அனுமதியை ரத்து செய்துவிடலாம். ஃபைலில் பார்க்க அது ரொம்பச் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த ஆறு குடும்பமும் ஆடி மழையில் சல்லடைத் தகரத்துக்கடியில் போய்ப் படுக்க வேண்டும். பெண்கள் இரண்டு பேர் என்னிடம் வந்து, "பெட்டியை மட்டும் எடுத்துராதீங்கம்மா, அதுல ஓட்டை போட்டுக் கொடுங்க" என்று கேட்டார்கள். எனக்கு அதைவிடத் தெளிவாகக் கட்டட விதியை யாரும் சொன்னதில்லை. அதனால் ரத்து என்று எழுதாமல், செய்ய வேண்டியதை எழுதினேன். பள்ளத்துத் தூண்களைக் கொட்டின மண்ணைத் தாண்டி உறுதியான மண்வரைக்கும் இறக்கிக் கட்டணும். பெட்டிக்கு இரண்டு ஜன்னல், எதிரெதிர்ச் சுவரில். வெட்டின இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைக்கணும், இல்லாவிட்டால் சுவர் தொய்யும், வெட்டின விளிம்பில் துரு ஏறும். உள்ளிருந்து திறக்கிற மரக்கதவு. சமையலும் கணப்பும் வெளியே தனிச் சாய்ப்பில். பெட்டிக்கு மேலே இடைவெளி விட்டு இன்னொரு கூரை. இரும்பு வெயிலில் கொதிக்கும், குளிரில் உள்ளே வியர்த்துப் பாயில் சொட்டும். சரக்குப் பெட்டியின் தரைப் பலகைக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், அதைப் பெயர்த்துவிட்டு வேறு தரை. இடிக்கு எர்த் கம்பி. உங்கள் மனுவுக்கும் இவ்வளவுதான் பதில், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டியது இன்னொரு பத்தி இருந்தது. மறுநாள் காலையில் அதையும் எழுதி அசிஸ்டென்ட் இன்ஜினியர் மேசையில் வைத்தேன். ஜன்னல் இல்லாத பெட்டிக்கு ஜன்னல் இருப்பதாக நான் சான்று கொடுத்தேன், மண்ணைச் சோதிக்கவில்லை என்று. அவர் படித்தார். திருப்பிப் படித்தார்.

"ப்ரொபேஷன் கழிஞ்சில்ல அல்லவா? இந்தப் பத்தி வேண்டாம்னா, இப்போ எடுக்கலாம்."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஒரு நிமிஷம் கை நீட்டிவிட்டேன். பேப்பர் என் விரலில் பட்டது. அந்தப் பத்தி இல்லாவிட்டால், குற்றம் சாரலுக்குக் கதவைச் சாத்திய ஜெபமணியின் தலையில் போய் உட்கார்ந்துவிடும் என்று தோன்றியது.

"இருக்கட்டுமுங்க சார்."

அவர் அதை அப்படியே மேலே அனுப்பினார். எனக்கு மெமோ வந்தது. ப்ரொபேஷன் ஆறு மாசம் நீண்டது. எங்கள் அம்மா ஊரில் எல்லாரிடமும், "அவளுக்கு வேலைல ஆறு மாசம் சேத்திக் குடுத்திருக்காங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். நான் திருத்தப் போகவில்லை.

மழை விட்ட பிறகு, ஐப்பசிக்கு முன்னால், கடைசிப் பரிசோதனை. நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் மேனேஜர் செய்திருந்தார். ஜன்னலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன், ரசமட்டத்தை விட்டுவிட்டுத் தூணடியைத் தோண்டிப் பார்த்தேன். எல்லாம் சரி. கடைசிப் பெட்டி வாசலில் ஜெபமணி பிள்ளையோடு நின்றிருந்தாள். நான் ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தேன்.

"பொறுங்கம்மா" என்றாள். "நீங்களும் மேனேஜர் அய்யாவும் ஒருக்கா உள்ள போங்க."

போனோம். அவள் வெளியிலிருந்து மரக்கதவைச் சாத்திவிட்டாள். இருட்டு இல்லை, இரண்டு ஜன்னலிலிருந்தும் வெளிச்சம் விழுந்தது, காற்றில் யார் வீட்டுச் சாம்பார் வாசனையோ வந்தது. மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "இப்பத் தொறந்துட்டு வாங்க பாப்போம்."

நான் தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளினேன். கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஜெபமணி தாழ்ப்பாளை ஒருமுறை தானும் ஆட்டிப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, எங்களைத் தாண்டி உள்ளே போனாள். போகிற போக்கில் சொன்னாள்:

"சரி, இப்பக் கையெழுத்துப் போடுங்க."